மார்கழி மப்பு: குளிரா காரணம், கடலா?

செம்மண்தோட்டம்:
மார்கழி பிறந்து ஒரு கிழமை. இங்கே யாழ்ப்பாணத்தில் வெயிலைக் கண்டு மூன்று நாள். கடலுக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் இந்த மப்பு என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. கடல் சித்திரையிலும் அங்கேதான் கிடக்கிறது, அப்போது இப்படி நாள் கணக்கில் மூடுவதில்லையே? வடக்கே இருந்து வாடைக்காற்று குளிரைக் கொண்டுவருகிறது, குளிரில் மேகம் கட்டுகிறது. அவ்வளவுதான். உருளைக்கிழங்கு நட்டு ஐந்து கிழமை. இன்னும் நாலு நாள் இப்படி நின்றால் இலையில் கருகல் நோய் விழுந்துவிடும்.

முனைக்கடல்:
அண்ணை, குளிர்தான் காரணம் என்றால் தையில் வானம் இன்னும் மூட வேண்டும். நமக்குக் கடும் குளிர் தையில்தானே. அப்போது விடிய எழும்பிப் பாருங்கள், பருத்தித்துறைக் கரையில் நட்சத்திரம் எண்ணலாம்.

வாடை இந்தியத் தரையிலிருந்து வெளிக்கிடும்போது காய்ந்த காற்று. வங்காள விரிகுடாவைக் கடக்கும்போது கீழே கடல் இளஞ்சூடாக இருக்கிறது, மார்கழியிலும் 27 பாகை செல்சியஸ் அளவு. காற்று அதைவிடக் குளிர். கீழே சூடு, மேலே குளிர் என்றால் காற்று ஒரு நிலையில் நிற்காது. ஈரத்தை அள்ளிக்கொண்டு எழும்பும். எழும்ப எழும்ப அழுத்தம் குறைந்து விரியும், விரிந்தால் குளிரும். சைக்கிள் ரியூப்பில் காற்றைத் திறந்துவிட்டு விரலை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருக்கும். அதே கதைதான். மேகம் கட்டாத காற்று ஒரு கிலோமீற்றர் ஏறினால் ஏறக்குறைய 10 பாகை குளிர்ந்துவிடும்.

செம்மண்தோட்டம்:
தம்பி, நீங்களே 'குளிர்ந்துவிடும்' என்று எழுதிவிட்டீர்கள். அப்போ குளிர்தானே?

கரும்பலகை:
இரண்டு பேரும் ஒரு சொல்லை வைத்து இரண்டு விசயம் பேசுகிறீர்கள். மேகம் கட்டக் குளிர வேண்டும், அது சரி. ஆனால் அது காற்று உயரே போய்த் தானாகக் குளிர்வது. நாம் போர்வை தேடுகிற குளிர் வேறு.

இன்னொன்று. மேகம் நீராவி என்று பலர் நினைக்கிறார்கள். நீராவி கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் கொதிக்கும் கேத்தலின் மூக்கைக் கவனியுங்கள்: மூக்கின் வாயை ஒட்டி ஒரு விரற்கடை வெறுமையாக இருக்கும், அதற்கு அப்பால்தான் வெள்ளைப் புகை. அந்த வெறுமைதான் ஆவி. வெள்ளையாகத் தெரிவது ஆவி குளிர்ந்து உருண்ட துளிகள். மேகத் துளியும் அப்படித்தான், குறுக்களவு 0.02 மில்லிமீற்றர் அளவு. ஒரு மழைத்துளிக்கு அப்படிப் பத்து இலட்சம் சேர வேண்டும். துளி பிடித்துக்கொள்ள ஒரு துகளும் வேண்டும், நம் பக்கம் அலை உடைந்து பறக்கும் உப்பே அதற்குப் போதும். மாரியில் சைக்கிள் கம்பி துருப்பிடிக்கிற வேகத்தைப் பார்த்தாலே காற்றில் எவ்வளவு உப்பு என்று தெரியும்.

செம்மண்தோட்டம்:
நல்லது. ஆனால் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. தையிலும் அதே வாடை, அதே கடல். அப்போ மப்பு எங்கே போகிறது?

முனைக்கடல்:
சரியான இடத்தில் பிடித்தீர்கள். நான் முதலில் எழுதியதில் அது விடுபட்டுவிட்டது. ஈரம் மட்டும் போதாது, காற்றை உயரத் தூக்க ஏதாவது வேண்டும். கார்த்திகை மார்கழியில் தாழமுக்கங்கள், அதாவது காற்றழுத்தம் குறைந்த இடங்கள், நமக்குப் பக்கத்தில் உருவாகின்றன. நாலா பக்கத்துக் காற்றும் வந்து கூடி, போக வழியில்லாமல் மேலே ஏறுகிறது. 2008 கார்த்திகையில் நிஷா புயல் வந்தபோது யாழ்ப்பாணம் வெள்ளத்தில் கிடந்தது இதனால்தான். தை பிறக்க அந்தத் தாழமுக்கப் பகுதி தெற்கே இறங்கிவிடும். நமக்கு மேலே காற்று கீழ்நோக்கி அமரும், பானைக்கு மூடி போட்ட மாதிரி. கடலில் இருந்து ஈரம் ஏறினாலும் சிறு பஞ்சு மேகத்தோடு நின்றுவிடும். சித்திரையில் பெருங்காற்றே இல்லை. பின்னேரத்தில் அங்கொன்று இங்கொன்றாக இடிமேகம் கட்டுவதோடு சரி.

செம்மண்தோட்டம்:
மூடி விளக்கம் மனதில் பதிகிறது. ஆனால் ஒன்றை விடமாட்டேன். தையில் விடியற்புறம் தோட்டத்தில் வெங்காயத் தாளுக்கு மேல் இடுப்பளவு வெள்ளையாகப் புகார், அதாவது மூடுபனி, படுத்திருக்கும். அது எழும்பவும் இல்லை, விரியவும் இல்லை. சும்மா தரையிலேயே கட்டுகிறது. அது குளிரின் வேலை இல்லையா?

கரும்பலகை:
அதில் நீங்கள் சொல்வதே சரி, ஐயா. வானம் வெளித்த இரவில் தரை தன் சூட்டை மேலே விட்டுவிடும், தடுக்க மப்பு இல்லை. தரையை ஒட்டிய ஈரக் காற்றும் குளிர்ந்து அங்கேயே துளியாகிறது. தரையில் கட்டிய மேகம் அது. காற்று கொஞ்சம் கூட வீசினாலே கலைந்துவிடும்.

செம்மண்தோட்டம்:
அப்போ என் கிழங்குக்கு இப்போது மப்பு, தையில் புகார். இலை காய நேரமே இல்லை. இன்று பின்னேரம் வடக்கே ஒரு கை அகலம் வெளித்தது. விடிய நாலு மணிக்கு ரோர்ச் எடுத்துப் போய் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.