புதுப்பிப்பு: 8 டிராக் பதிவில் நின்றுபோகும் ரெக்கார்டர், காரணம் பிடிபட்டது

முன்பு கேட்டது இதுதான்: பாட்டை ஹார்டு டிஸ்க்கில் பதியும் பழைய மல்டிடிராக் ரெக்கார்டரில் 2 டிராக் (தனித்தனி ஒலித்தடம்) பதிவு செய்தால் ஓடுகிறது, 8 டிராக் என்றால் சில நிமிடங்களில் ‘டிஸ்க் பிஸி’ என்று நிற்கிறது. கேபிள் மீதுதான் சந்தேகம் இருந்தது. அது தவறு.

அதன் 3.5 அங்குல ஐடிஇ (பழைய வகை இணைப்பு) ஹார்டு டிரைவைக் கழற்றி யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி ஸ்மார்ட் விவரத்தை (டிரைவ் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியல்) பார்த்ததில், 199-ஆம் வரிசை (கேபிள் பிழை) 0. ஆனால் 197-ல் 24 செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு தரவுப் பகுதிகள்) படிக்க முடியாமல் காத்திருக்கின்றன. 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் 8 டிராக்குக்கு நொடிக்குச் சுமார் 1.06 எம்பி, நல்ல டிரைவுக்கு இது தூசு. பழுதான செக்டரில் தலை திரும்பத் திரும்ப முயலும்போதுதான் பஃபர் (டிஸ்க்கில் எழுதும்வரை ஒலி தங்கும் தற்காலிக நினைவகம்) நிரம்பி வழிகிறது. 2 டிராக்கில் அது நிரம்ப நான்கு மடங்கு நேரமாகும், அதனால் தப்பிக்கிறது.

விண்டோஸில் மாட்டினால் ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள், பாட்டெல்லாம் போய்விடும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ (பழுதான டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் நிரல்) கொண்டு மாற்று டிரைவுக்கு முதலில் நல்ல பகுதியை மட்டும் நகலெடுத்து, பிறகு பழுதான பகுதிக்கு 3 முறை மறுமுயற்சி. மூலம் எது, இலக்கு எது என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள்.

மாற்று டிரைவ் பழையதைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது. பழைய ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பல 137 ஜிபிக்கு மேல் பார்க்காது. ஜம்பர் (டிரைவின் பின்புறம் அதன் முறையைத் தேர்வு செய்யும் சிறு செருகி) பழையதில் இருந்தபடியே, மாஸ்டரில் (முதன்மை டிரைவ் நிலை). மூடும் முன் மஞ்சள் வயரில் (12 வோல்ட் வருவது) அளந்தேன்: மோட்டார் கிளம்பும்போது 11.8 வோல்ட். 11.4-க்குக் கீழே இறங்கியிருந்தால் பவர் சப்ளை கெபாசிட்டரையும் மாற்ற வேண்டியிருக்கும்.