சனிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

பண்டாரவளை ஆசிரியை, செவ்வாய் இரவு

கலைச்சொற் குழுவினருக்கு வணக்கம்.

வரும் சனிக்கிழமை உயர்தரப் பொறியியல் தொழினுட்பவியல் மாணவர்களுக்குச் சாய்வுகளின் உறுதி பற்றி மேலதிக வகுப்பு எடுக்கிறேன். மண்சரிவைப் பற்றி அவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் தோட்டத்து லய வீடுகளை விட்டுப் பாடசாலை மண்டபத்தில் படுத்தெழும்பிய பிள்ளைகள் அவர்கள். ஆகவே மனிதன் தானே கட்டிய மலை எப்படிச் சரிகிறது என்று காட்ட நினைத்தேன்.

தங்கச் சுரங்கங்களில் உடைத்த தாதுக்கல்லை மலைபோலக் குவித்து, மேலே சொட்டுக் குழாய்களால் மிக நீர்த்த சயனைட்டுக் கரைசலை விடுகிறார்கள். அது கல்லினூடாக இறங்கித் தங்கத்தைக் கரைத்துக்கொண்டு அடியில் வந்து சேர்கிறது. அடியில் இறுக்கிய களிமண், அதன்மேல் தடித்த பொலித்தீன், அதன்மேல் சரளைக்கல்லும் துளையிட்ட குழாய்களும். செம்பு என்றால் சயனைட்டுக்குப் பதில் சல்பூரிக்கமிலம். ஆங்கிலத்தில் இந்த அமைப்புக்கு மூன்று சிறிய சொற்கள் போதும்: heap leach pad. நான் எழுதி வைத்திருப்பது "குவியல் கரைத்துப் பிரித்தெடுப்புத் தளம்". இதைக் கரும்பலகையில் நாலு தரம் எழுதினால் வெண்கட்டி தீர்ந்துவிடும். வெள்ளி மாலை கைந்நூல் அச்சுக்குப் போகிறது. உதவுங்கள்.

கண்டிப் பண்டிதர், புதன் அதிகாலை

மகள், குவியல் எதற்கு? குவை போதும். குவி, குவை, குவால், குப்பை எல்லாம் ஒரு வேரில் கிளைத்தவை. சங்கப் புலவர்கள் உமணர் குவித்த உப்பையே குப்பை என்று பாடினார்கள். அந்தச் சொல்லை நாம்தான் தெருவில் எறிந்தோம். மீட்டெடுக்க நல்ல வாய்ப்பு இது. தாது கரைசலில் ஊறுவதால் "ஊறுகுப்பை" என்க. குப்பை ஒவ்வாது என்றால் "ஊறுகுவை". ஊறு என்பதற்குத் தீங்கு என்ற பொருளும் உண்டு. நஞ்சு ஊற்றும் இடத்துக்கு அதுவும் பொருந்தும்.

ஹட்டன் மொழிபெயர்ப்பாளர், புதன் காலை

ஐயா, ஊறுகுவை என்று சொன்னதும் பிள்ளைகளுக்கு ஊறுகாய்தான் நினைவுக்கு வரும். அந்த வகுப்பு பத்து நிமிடத்துக்கு அடங்காது.

குப்பை வேண்டவே வேண்டாம். 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தச் சொல்லைச் சங்க காலத்துக்குத் திருப்பி அனுப்ப இனி யாராலும் முடியாது.

என் யோசனை "வடிப்புக்குவியல்". சோறு வடிப்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டில் கஞ்சியை வடித்துச் சோற்றை வைத்துக்கொள்கிறோம். சுரங்கக்காரன் கஞ்சியை வைத்துக்கொண்டு சோற்றை விட்டுவிடுகிறான். பிள்ளைகளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

நுவரெலியாப் பொறியியலாளர், புதன் பிற்பகல்

வெளிநாட்டில் இப்படியான குவியலொன்றில் சில ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

குப்பை பற்றி ஒரு செய்தி. 2024 பெப்ரவரி 13 அன்று துருக்கியின் எர்சின்ஜான் மாகாணத்தில் இத்தகைய குவியல் சரிந்து 9 தொழிலாளர்கள் புதையுண்டார்கள். சுரங்கத்தின் பெயர் சொப்ளர். துருக்கி மொழியில் "சொப்" என்றால் குப்பை. "சொப்ளர்" அதன் பன்மை. பண்டிதர் ஐயா இதை வைத்துக் கட்டுரை எழுதிவிட வேண்டாம். அதே ஆண்டு யூன் 24 அன்று கனடாவின் யூக்கோனில் இன்னொரு குவியல் சரிந்தது. ஏறக்குறைய 40 இலட்சம் தொன் கல் நகர்ந்தது. அதில் பாதியளவு தடுப்பணையையும் தாண்டிப் போனது.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ஒரு சதுர மீற்றருக்கு மணித்தியாலத்துக்கு 5 முதல் 10 லீற்றர் வரை சொட்டவிடுவது வழக்கம். 10 லீற்றர் என்றால் 10 மில்லிமீற்றர் மழை. ஒரு நாளுக்கு 240. நம் மலையில் 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் பெய்தாலே மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியேறச் சொல்கிறார்கள். அங்கே அதைவிடப் பெரிய மழையை மாதக்கணக்கில் வேண்டுமென்றே பெய்விக்கிறார்கள். அப்படியும் குவியல் நிற்கிறது என்றால் ஒரே காரணம், விழுகிற அவ்வளவும் அடியால் வெளியேறிவிடுகிறது. பொலித்தீனுக்கு மேலே தேங்கும் நீரை ஒரு மீற்றருக்குள் வைத்திருக்கவே வழக்கமாக வடிவமைக்கிறோம். அது ஏறினால் கற்களுக்கிடையே நீரமுக்கம் ஏறும், உராய்வு குறையும், மலை தன் எடையைத் தானே தாங்க மாட்டாது.

ஆகவே "ஊறு" கூடாது. குவியல் ஊறி நின்றால் அதுதான் விபத்தின் தொடக்கம். வடிய வேண்டும்.

கண்டிப் பண்டிதர், புதன் இரவு

ஊறாமல் தங்கம் எப்படிக் கரையும் தம்பி? தேயிலை ஊறாமல் சாயம் இறங்குமா? ஆனாலும் உங்கள் கருத்தை மதிக்கிறேன். "வடிப்புக்குவியல்" மட்டும் வேண்டாம். ஒன்பது எழுத்து, நடுவில் ஒரு ககர ஒற்று வேறு. "வடிகுவை" என்று வினைத்தொகையாக்குங்கள். வல்லினம் மிகாது. வடிந்த குவை, வடிகின்ற குவை, வடியும் குவை என மூன்று காலமும் அதற்குள் அடங்கும்.

நுவரெலியாப் பொறியியலாளர், புதன் இரவு

ஐயா, எங்கள் வடிவமைப்பு நிபந்தனையை இலக்கணத்தில் எழுதிவிட்டீர்கள். மூன்று காலத்திலும் வடிய வேண்டும். என் வாக்கு வடிகுவைக்கு.

தலவாக்கலை, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, வியாழன் காலை

டீச்சருக்கும் ஐயாமாருக்கும் வணக்கம். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்தருளவும்.

சாயம் இறங்குவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தேயிலை ஸ்டோரில் பத்து வருடம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். பி.ஓ.பி. என்கிற உடைத்த இலையை வடியில் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றினால் சீராக இறங்கும். அதே வடியில் டஸ்ட் தூளை நிறையப் போட்டால் சேறுபோல அடைத்துக்கொள்ளும், தண்ணீர் மேலே நிற்கும். கல்லுக்கும் அப்படித்தானே?

அடியில் போடும் துளைக்குழாய்களுக்கு என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள்? கான் என்று சொன்னால் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புரியும். தண்ணீர் போகக் கான் வெட்டாத மலை அடுத்த மாரிக்குள் உட்காரும். நான் பார்த்திருக்கிறேன்.

நுவரெலியாப் பொறியியலாளர், வியாழன் காலை

அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. தாது மிகத் தூளாக இருந்தால் சீமெந்தும் நீரும் சேர்த்து உருட்டிச் சிறு உருண்டைகளாக்கிய பிறகுதான் குவிப்போம். தங்கத் தாதுவோடு சுண்ணாம்பும் சேரும். பி.எச். பெறுமானம் 10இற்கு மேல் இருக்க வேண்டும்; இறங்கினால் சயனைட்டு ஐதரசன் சயனைட்டு வாயுவாகக் கிளம்பும். "உருண்டையாக்கல்" என்றே டீச்சர் போடலாம். அதற்கும் கலைச்சொல் தேட ஆரம்பித்தால் வெள்ளிக்கிழமை போய்விடும்.

கண்டிப் பண்டிதர், வியாழன் நண்பகல்

கான் என்றால் காடு. வடிகாலும் வாய்க்காலும் இருக்கக் கானுக்கு என்ன வேலை? கால் என்பதே திரிந்து கான் ஆயிற்று என்று ஒரு கருத்து எனக்கு உண்டு. சிங்களத்தில் காணுவ என்கிறார்கள், போர்த்துக்கேயரிடம் கானோ இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். யார் யாரிடமிருந்து எடுத்தார் என்பது வேறு வழக்கு. கால்கோள், கால்வாய் ஆகியவற்றை வைத்துப் பார்த்தால்

(இதற்குப் பின் வந்த மூன்று பத்திகளை இழை நீளம் கருதி வெட்டியிருக்கிறேன். மட்டுநர்.)

ஹட்டன் மொழிபெயர்ப்பாளர், வியாழன் மாலை

கானை விடுங்கள், கரைசலுக்கு வாருங்கள். தங்கம் ஏறிய கரைசலை ஆங்கிலத்தில் கருவுற்றது என்றும், தங்கத்தைப் பிரித்த பிறகு மேலே திருப்பி அனுப்புவதை மலடு என்றும் சொல்கிறார்கள். "சூற்கரைசல், மலட்டுக் கரைசல்" சரிதானே?

பண்டாரவளை ஆசிரியை, வியாழன் மாலை

சரியில்லை. அந்தச் சொல்லால் வீட்டிலும் லயத்திலும் குத்துப்பட்ட பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாது தம்பி. என் கைந்நூலில் மலடு வராது. நிறைகரைசல், வெறுங்கரைசல். இதில் வாக்கெடுப்பு இல்லை.

வாக்கெடுப்பு வேண்டியது அடித்தளத்துக்கும் பொலித்தீனுக்கும்தான்.

கண்டிப் பண்டிதர், வியாழன் இரவு

தலையணை, பஞ்சணை என்பவற்றில் வரும் "அணை"யே பொருத்தம். குவையைத் தாங்கும் மெத்தை அது. வடிகுவையணை.

நுவரெலியாப் பொறியியலாளர், வியாழன் இரவு

ஐயா, மேல் கொத்மலைக்கும் காசல்ரீக்கும் நடுவில் வளரும் பிள்ளைகளிடம் அணை என்றால் நீர்த்தேக்கத்தைத்தான் நினைப்பார்கள். நாம் தேங்கக் கூடாது என்கிறோம், பெயர் தேங்கு என்கிறது. "தளம்" போதும். அழகில்லை, ஆபத்துமில்லை.

பொலித்தீன் விரிப்புக்கு நல்ல சொல் அவசியம். அது 1.5 முதல் 2 மில்லிமீற்றர் தடிப்புத்தான். அதன் வேலை நஞ்சு நிலத்தடி நீரில் கலக்காமல் தடுப்பது. ஆனால் குவியல் வழுக்கக்கூடிய பலவீனமான தளமும் பெரும்பாலும் அதுவே. வழுவழுப்பான பொலித்தீனும் ஈரக் களிமண்ணும் சேருமிடத்தில் உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் சாய்வான இடங்களில் சொரசொரப்பான விரிப்பைப் போடுகிறோம். வேலை நடக்கும் காலத்தில் பாதுகாப்புக் காரணி (வழுக்காமல் தாங்கும் விசைக்கும் வழுக்கத் தள்ளும் விசைக்கும் உள்ள விகிதம்) 1.3, மூடிய பின் 1.5 என்று கணக்குப் பார்ப்பதில் முதலில் சோதிப்பது இந்த இடத்தைத்தான்.

பண்டாரவளை ஆசிரியை, வியாழன் நள்ளிரவு

படங்கு.

அம்மா கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்கு. ஈரம் உள்ளே வராது. மழை நாளில் வீட்டுக்கு வந்ததும் கழற்றித் திண்ணையில் போடுவார். அக்காவினதும் சித்தியினதும் அதன்மேல் விழும். மூன்றாவதைப் போட்டதும் மொத்தமும் வழுக்கி முற்றத்துக்குப் போய்விடும். பொறியியலாளர் சொன்ன இரண்டு குணமும் அதில் இருக்கிறது. "அடிப்படங்கு" என்று போடுகிறேன்.

கண்டிப் பண்டிதர், வெள்ளி அதிகாலை

படம் என்றால் துணி. படங்கு கூடாரத் துணி. பழைய சொல். மறுப்பில்லை. மனமாரச் சொல்கிறேன்.

ஹட்டன் மொழிபெயர்ப்பாளர், வெள்ளி காலை

இதுவரை வந்த வாக்குகள்: வடிகுவைக்கு நான்கு. பண்டிதர் ஐயா, தான் செதுக்கிய சொல்லாயினும் ஊறுகுவைக்கே வாக்கு என்கிறார். வடிகுவைத் தளம் மூன்று, அணை ஒன்று, ஒருவர் பதில் இல்லை. கான், வடிகால் இரண்டும் இரண்டு இரண்டு. அடிப்படங்கு ஏகமனதாக. எனக்குத் தளம் பிடிக்கவில்லை, ஆனால் களைத்துவிட்டேன்.

பண்டாரவளை ஆசிரியை, சனி மாலை

வகுப்பு முடிந்தது. 2014 ஒக்டோபர் 29, மீரியபெத்தை மண்சரிவில் தொடங்கினேன். அது நடந்த கொஸ்லந்தைப் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் இருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள், அதை நீட்டவில்லை. பிறகு தேயிலை வடியும் தூளும் வைத்துச் செய்துகாட்டினேன். வடிகுவை என்ற சொல்லை ஒருவரும் என்னவென்று கேட்கவில்லை. துளைக்குழாய் படத்தில் "வடிகால்" என்று போட்டிருந்தேன், பிள்ளைகள் கான் என்றே வாசித்தார்கள்.

ஒரே ஒரு குறை. கைந்நூல் முழுவதும் அச்சுப்பிழை. எல்லா இடத்திலும் "வடிகுகை".

கண்டிப் பண்டிதர், சனி இரவு

திருத்தாதீர்கள்! குகை என்றால் பொன்னுருக்கும் மூசை. சித்தர்கள் குகையிலிட்டு ஊதியவர்கள். தங்கம் வடியும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் நமக்கு ஐந்து நாளில் அகப்படவில்லை, அச்சுக்கோத்தவருக்கு அகப்பட்டிருக்கிறது. குகை, குவை இரண்டுக்கும் ககர வகரப் போலி உண்டா என்பதை நாளை விரிவாக எழுதுகிறேன்.

பண்டாரவளை ஆசிரியை, சனி இரவு

ஐயா, 38 பிரதியிலும் சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுத்துவிட்டேன்.