கணக்கில் தடுமாறிய பிள்ளைகள்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கோலாலம்பூர், செந்தூலிலிருந்து ஓர் அம்மா:

என் மகன் இப்போது ஆண்டு 5, அதாவது ஐந்தாம் வகுப்பு. இது அவன் ஆண்டு 3 படித்தபோது நடந்தது. மலேசியாவில் தொடக்கப்பள்ளியின் முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தேர்வை 2019-இல் எடுத்துவிட்டார்கள் அல்லவா, அதனால் மதிப்பெண் எதுவும் வீட்டுக்கு வராது. அறிக்கையில் கணிதத்துக்கு நேரே தேர்ச்சி நிலை 2 என்று இருந்தது. அது 6 வரை போகும் என்பதே எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். நினைத்தால் இன்றும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

பிறகு வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரத்தியேக வகுப்பில் (டியூஷனில்) சேர்த்தோம். ஒரே அறையில் இருபது பிள்ளைகள். தப்பான பக்கத்தைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார்கள், ஏன் தப்பு என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆறு மாதத்தில் வாய்ப்பாடு ஒப்பித்தான். ஆனால் கணக்குப் புத்தகத்தை எடுத்தாலே வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கொண்டான்.

ஒருநாள் பள்ளியில் குறைநீக்கல் வகுப்பு எடுக்கும் டீச்சர் என்னை வரச் சொன்னார். என் கண் முன்னாலேயே அவனிடம் சில எண்களைச் சொல்லி எழுதச் சொன்னார். ஐம்பத்து மூன்று, சரியாக எழுதினான். எழுபத்தெட்டு, அதுவும் சரி. தொண்ணூற்றேழு என்றதும் 107 என்று எழுதினான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

டீச்சர் அவனைத் திட்டவில்லை. "நீங்களே சொல்லிப் பாருங்கம்மா, கடைசியில நூற்றேழுன்னுதானே காதுல விழுது?" என்றார். உண்மைதான். தொண்ணூறுக்குள் நூறு ஒளிந்திருக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம். மலாயில் செம்பிலான் புலோ என்றால் ஒன்பது பத்து, அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து பேசுகிற நமக்கு இது உறைப்பதே இல்லை.

அப்புறம் டீச்சர் சொன்னபடி வீட்டில் அட்டையை வெட்டி நோட்டு செய்தோம். அவனே நிறம் தீட்டினான்: நம் ரிங்கிட் நோட்டு மாதிரியே ஒரு வெள்ளிக்கு நீலம், பத்து வெள்ளிக்குச் சிவப்பு, நூறு வெள்ளிக்கு ஊதா. 302-இல் 178 போனால் எவ்வளவு என்று கேட்டேன். "பூஜ்யத்துக்கிட்ட எப்படிம்மா கடன் வாங்குறது? அதுகிட்டதான் ஒன்னுமே இல்லையே" என்றான். எத்தனை நாளாக இந்தக் கேள்வியை உள்ளேயே வைத்திருந்தானோ, பிள்ளை!

ஓர் ஊதா நோட்டைப் பத்துச் சிவப்பாக மாற்றினோம். அதில் ஒன்றைப் பத்து நீலமாக மாற்றினோம். 2 ஊதா, 9 சிவப்பு, 12 நீலம். இப்போதும் 302 வெள்ளிதானா என்று அவனே இரண்டு தடவை எண்ணிப் பார்த்தான். பிறகு 178-ஐ எடுத்து வைத்தான், மிச்சம் 124. அன்றிலிருந்து நான் 'கடன் வாங்கு' என்று சொல்வதில்லை, 'நோட்டை மாற்று' என்றுதான் சொல்கிறேன். கடன் என்றால் திருப்பித் தர வேண்டும், இங்கே யாரும் தருவதில்லையே.

பட்டர்வொர்த்திலிருந்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை:

தங்கச்சி எழுதியதைப் படித்ததும் என் பழைய மாணவி ஒருத்தி ஞாபகத்துக்கு வந்தாள். 8-உம் 5-உம் எவ்வளவு என்றால் ஒன்றிலிருந்து விரல் விட்டு எண்ணுவாள், நடுவில் விரல் தீர்ந்துவிடும். வீட்டில் விரலைத் தொட்டாலே அடி. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். விரல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எட்டை மனசில் வைத்துக்கொண்டு ஐந்து விரலை மட்டும் எண்ணு என்றேன். அப்புறம் பல்லாங்குழியைக் கொண்டுபோனேன். குழிக்கு ஐந்தைந்தாகப் புளியங்கொட்டை போடச் சொன்னேன். ஏழு குழி நிரப்பியதும் 35 என்று அவளாகவே சொன்னாள். வாய்ப்பாட்டை நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

செந்தூல் அம்மா:

நன்றி டீச்சர். தங்கை வீட்டில் பல்லாங்குழி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறேன். சின்னவள் இப்போது ஆண்டு 1. நேற்று அண்ணன்காரன் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "தொண்ணூறுல வர்ற நூறை நம்பாதே, முதல்ல ஒன்பது சிவப்பு நோட்டை எடு" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.