திருகோணமலையில் பூக்கன்று வளர்க்கிறவர்கள் இருக்கிறீங்களா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நிலாவெளியில் வீட்டு வளவுக்குள்ள 50 வீத நிழல் வலை கட்டி, பூக்கன்று வளர்த்து விற்கிறேன். சீனியா, பத்துமணிப்பூ, நித்தியகல்யாணி எல்லாம் பிரச்சினை இல்லை, கச்சான் காற்றையும் தாங்குது. பெட்டூனியாதான் உயிரை வாங்குது.

விதை தூள் மாதிரி. வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் என்று மண் மூடாமல் தூவினேன், நல்லா முளைச்சது. நாலு இலை வந்த பிறகு இலை ஓரம் கருகத் தொடங்கி, இப்ப பாதித் தட்டு போயிட்டுது.

கிணற்றுத் தண்ணி கொஞ்சம் உவர். தும்புச்சோற்றையும் (தேங்காய் மட்டைத் தூள்) கழுவாமல்தான் போட்டேன், அது என்ர சோம்பல். உப்பு இதில எதிலிருந்து ஏறுது என்று எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? மழைத் தண்ணி பிடிக்கலாம் என்றால் மாரிக்கு இன்னும் மூன்று மாதம் கிடக்கு. தண்ணியின்ர உப்பு அளக்கிற ஈசி மீட்டர் ஒரு நாளைக்கு இரவல் தரக்கூடியவர்கள் டவுன் பக்கம் இருக்கிறீங்களா?

இன்னொன்று. நுவரெலியாவில நாற்றுத் தட்டு எடுத்து இங்க பெருசாக்கி விற்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கோ, பஸ்ஸில வாடாமல் எப்படிக் கொண்டுவாறீங்கள்? கருகின இலையின்ர படம் கீழே போட்டிருக்கிறேன்.