மார்பில் வந்த புற்றுநோய் வேறெங்கோ தலைகாட்டிய அனுபவங்கள்: உங்களுக்கும் நடந்ததா?

கல்லடி மகள்

பெரியம்மாவுக்கு இடது மார்பு எடுத்துப் பத்து வருடத்துக்கு மேல். தமொக்சிபன் என்ற ஹோர்மோன் குளிசை குடித்து முடித்து, கிளினிக்கிலும் இனி வருடம் ஒருமுறை வந்தால் போதும் என்று சொல்லி, வீட்டில் அந்தப் பேச்சே நின்று போயிருந்தது. அப்போதுதான் சாப்பாடு இறங்கவில்லை என்று தொடங்கியது. சோறும் மீன் ஆணமும் பிசைந்து இரண்டு கவளம், அதோடு கோப்பையைத் தள்ளி விடுவா. "ஏலாது கிளி, நெஞ்சு மட்டும் நிக்குது."

கேஸ்டிரிக் குளிசை மாறி மாறி நடந்தது. முதல் எண்டொஸ்கொபியில் புண்ணும் இல்லை, கட்டியும் இல்லை. எடுத்த துண்டில் வெறும் அழற்சி என்று வந்தது. உடம்போ வற்றிக்கொண்டே போனது. இரண்டாம் முறை ஆழமாகத் துண்டெடுத்தார்கள். இரைப்பைப் புற்றுநோய், மோதிரம்போலத் தெரியும் 'சிக்னட் ரிங்' கலங்கள் என்று ரிப்போர்ட். இரைப்பையை முழுதாக எடுக்க நாளும் குறித்தாயிற்று, ரத்தம் கொடுக்கப் பொடியன்மாரையும் சொல்லி வைத்தாயிற்று.

ஒபரேசனுக்கு முன் வார்டில் ஒரு இளம் டொக்டர் பிள்ளை நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கச் சட்டையை விலக்கினா. தழும்பில் கண் பட்டதும் கை அப்படியே நின்றது. "அம்மா, இது எப்ப?" பெரியம்மா, "அது பழசு பிள்ளை, அது சுகமாகிட்டு" என்றா. டொக்டர் பிள்ளை என் பக்கம் திரும்பி, "அந்த ரிப்போர்ட்டில் லொபியூலர் என்று இருந்ததா?" என்று கேட்டா.

அன்றிரவே அலுமாரியைக் கொட்டிப் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தோம். லொபியூலர்தான், மார்புப் புற்றுநோயில் அது ஒரு வகையாம். இரைப்பைத் துண்டுக்கு மறுபடி சாயம் போட்டுப் பார்த்தார்கள். ஈ.ஆர் என்ற ஹோர்மோன் ஏற்பியும் பொசிட்டிவ், மார்புக் கலங்களைக் காட்டிக்கொடுக்கும் கேட்டா-3யும் பொசிட்டிவ். அது இரைப்பையில் பிறந்ததே அல்ல, மார்பிலிருந்து போய் அங்கே பரவியது. ஒபரேசன் இல்லை என்றாகி, லெட்ரசோல் என்ற ஹோர்மோன் குளிசை தொடங்கினார்கள்.

அந்தப் பிள்ளைக்கு முன்னால் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள். "முன்பு ஏதும் வருத்தம் இருந்ததா" என்ற கேள்விக்குப் பெரியம்மா எல்லோரிடமும் "பிரஷர் மட்டும்" என்றுதான் சொல்லியிருக்கிறா. சுகமாகிவிட்ட நோயை அவ கணக்கில் சேர்க்கவே இல்லை. இன்னமும் என் மனதில் அதுதான் கிடக்கிறது. வேறு யாருக்கும் இப்படி நடந்ததா?

அக்கரைப்பற்று மகன்

நடந்தது சகோதரி. எங்கள் உம்மாவுக்கு நாடி, அதாவது முகவாய்.

நோன்பு திறக்கிற நேரம், எல்லோரும் கஞ்சிக் கோப்பையோடு இருக்கிறோம். உம்மாவின் கீழுதட்டிலிருந்து ரத்தம் வடிந்து கஞ்சிக்குள் சொட்டுகிறது. அவவுக்குத் தெரியவே இல்லை. தங்கச்சி கத்தினா. உம்மா உதட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் எனக்கு ஒண்டும் விளங்குதில்லை மகன்" என்றா. சில கிழமையாக வுளூ எடுக்கும்போது நாடியின் வலது பக்கத்தில் தண்ணீர் படுவதே தெரியவில்லையாம். வயதுக்கு வருவதென்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. உதட்டைக் கடித்ததும் அதனால்தான் தெரியவில்லை.

பல் டொக்டரிடம் போனோம். பல்லில் குறையே இல்லை. அவர் நல்ல மனுசன், அவசரப்பட்டுப் பல்லைப் பிடுங்கவில்லை. நாடி மரத்துப் போனால், அதுவும் பல்லில் ஒன்றும் இல்லாமல் மரத்தால், வேறெங்காவது புற்றுநோய் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டுமென்று கடிதம் எழுதித் தந்தார். கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பைப் பரவிய கட்டி நெரித்திருந்தது. உம்மாவுக்கு மார்பில் ஒபரேசன் நடந்து ஐந்து வருடம் முடியும் தறுவாய்.

வாகரைப் பக்கம்

மேலே உள்ள சகோதரருக்கு: உங்கள் உம்மாவின் கதை கவலையானது. ஆனால் அது எலும்புக்குப் போனது. மார்புப் புற்றுநோய் எலும்புக்குப் போவது சாதாரணம். எலும்பு, ஈரல், நுரையீரல், மூளை இந்த நாலும் எல்லோரும் தேடுகிற இடங்கள். இந்தத் தலைப்பு லொபியூலர் வகை வினோதமான இடங்களுக்குப் போவதைப் பற்றியது. இரண்டையும் கலந்தால் வாசிக்கிற சனம் குழம்பும்.

என் அத்தைக்கு அந்த வகைதான். மெமோகிராமில் ஒன்றுமே தெரியவில்லை. லொபியூலருக்கு மெமோகிராம் எடுப்பதில் பிரயோசனம் இல்லை என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்கரைப்பற்று மகன்

எலும்புக்குப் போவது சாதாரணம் என்பது எனக்கும் தெரியும். எந்த எலும்பு, எப்படித் தெரிய வந்தது என்பதைத்தான் எழுதினேன். முதுகு நொந்தால் ஸ்கேன் எடுப்பார்கள். நாடி மரத்தால் யார் எடுப்பார்? உம்மாவுக்கு வந்தது மார்பில் அதிகம் காணும் டக்டல் வகை, லொபியூலர் அல்ல. அதனால் லொபியூலர் இல்லாத ஆட்கள் இதெல்லாம் நமக்கில்லை என்று இருந்துவிடக் கூடாது என்றுதான் இங்கே வந்து எழுதினேன்.

ஆய்வுகூடக்காரன்

ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன், எந்த இடமென்று சொல்லவில்லை. வாகரை நண்பரே, மெமோகிராம் பிரயோசனம் இல்லை என்று தயவுசெய்து எழுதாதீர்கள். லொபியூலரை அது சிலவேளை தவறவிடும், அது உண்மை. ஆனால் அதிலேயே பிடிபட்டவர்களும் நிறையப் பேர். சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐயும் சேர்த்துப் பார்ப்பார்கள். உங்கள் ஒரு வரியைப் படித்துவிட்டு ஒரு பெண் பரிசோதனைக்குப் போகாமல் விட்டால் அது பெரிய அநியாயம்.

என்னை விடாமல் இருப்பது ஒரு போத்தல். படுவான்கரைப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும். தாய்க்கு வயிறு ஊதி, எடுத்த நீரைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். சூலகப் புற்றுநோய் என்ற சந்தேகம், ரத்தத்தில் சி.ஏ. 125 என்ற புற்றுநோய்ச் சுட்டி ஏறியிருந்தது. அந்த மகள் போத்தலைத் துவாயில் சுற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யன்னலடியில் நின்றா. "குலுங்கினா பிழையா வருமா?" என்று கேட்டா. ஒன்றும் ஆகாது என்றேன். கண்ணாடித் தட்டில் போட்டுப் பார்த்தால் சின்னச் சின்னக் கலங்கள், சில இடத்தில் சுவரில் எறும்பு ஊர்வதுபோல ஒன்றன் பின் ஒன்றாக. விண்ணப்பத்தில் மார்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எங்கள் டொக்டர் வார்டுக்குப் போன் எடுத்துக் கேட்ட பிறகுதான் விசயம் வெளியே வந்தது. பல வருடத்துக்கு முன் மார்பில் ஒபரேசன். சி.ஏ. 125 சூலகத்துக்கு மட்டும் ஏறுவதல்ல, வயிற்று உறையில் எது பரவினாலும் ஏறலாம்.

ஏன் இப்படிப் போகிறது என்று என்னிடம் பலர் கேட்பார்கள். கலங்களை ஒன்றோடொன்று ஒட்டி வைக்க ஈ-கட்ஹெரின் என்றொரு புரதம் இருக்கிறது. லொபியூலர் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் அது இல்லாமல் போய்விடுகிறது. ஒட்டு இல்லாத கலங்கள் உருண்டு திரண்டு கட்டியாகாமல் தனித்தனியாக இழையங்களுக்குள் ஊடுருவும். மார்பில் கையில் படாமல் போவதும், மெமோகிராமில் மறைவதும், இரைப்பைச் சுவருக்குள் பரவியும் உள்தோல் நன்றாக இருப்பதுபோலத் தெரிவதும் எல்லாம் இதனால்தான். கல்லடி சகோதரியின் பெரியம்மாவுக்கு முதல் எண்டொஸ்கொபியில் ஒன்றும் வராததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். வயிற்று உறை, சூலகம், இரைப்பை, குடல், மூளையைச் சுற்றிய சவ்வு, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இறுகிச் சிறுநீரகத்தை வீங்க வைப்பது, இவையெல்லாம் இந்த வகையில் அதிகம் காண்பவை. நுரையீரலுக்குப் போவது டக்டலை விடக் குறைவு. ஊடுருவும் மார்புப் புற்றுநோய்களில் 10 முதல் 15 வீதம்தான் இந்த வகை. ஆனாலும் பெண்களில் அதிகம் வரும் புற்றுநோய் மார்பில் வருவதுதானே, ஆகவே ஆட்கணக்கில் சின்னத் தொகை அல்ல.

தம்பிலுவில்

என் மச்சாளுக்குக் கண். இடக் கண் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது.

கண்ணகை அம்மன் குளிர்த்திக்கு எடுத்த போட்டோவில்தான் முதலில் தெரிந்தது. முந்தின வருடப் போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கண் சின்னதாக, இமை சரிந்து. மாமி கண்ணூறு என்று சொல்லிக் கழித்தா. பார்வை மங்கவில்லை, நோவும் இல்லை. கண் டொக்டர் அளவுகோல் மாதிரி ஒரு கருவியை நெற்றிக்கு நேரே பிடித்து இரண்டு கண்ணையும் அளந்தார், திருப்பியும் அளந்தார். பிறகு மச்சாளைப் பார்த்து, "தங்கச்சி, மார்பில் ஏதும் தடிப்பு இருக்கா?" என்று கேட்டார். கண்ணுக்குப் போன இடத்தில் இப்படி ஒரு கேள்வி. மச்சாள் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டா, எனக்கு அது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கட்டியென்று ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு பக்கம் கொஞ்ச நாளாகத் தடிப்பாக இருந்ததாம். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

கண்ணுக்குப் பின்னால் கட்டி வந்தால் கண் வெளியேதான் தள்ளும் என்று நினைத்திருந்தேன். இந்த வகை, கண்ணைச் சுற்றிய கொழுப்பைத் தழும்பு மாதிரி இறுக்கிச் சுருக்கிவிடும், அதனால் கண் உள்ளே இழுபடும் என்று விளங்கப்படுத்தினார். அவவுக்கு மார்பு நோய் தெரிய வந்ததே கண்ணால்தான்.

காரைதீவு ஆசிரியர்

அக்காவுக்குத் தலையில் வட்டமாக மயிர் கொட்டியது. பூஞ்சணம் என்று களிம்பு பூசினோம். பயொப்ஸியில் மார்புப் புற்றுநோய் தோலுக்கு வந்தது என்று தெரிந்தது.

எல்லோருக்கும் சில விசயம் சொல்ல விரும்புகிறேன். ஒபரேசன் முடிந்ததும் தரும் நோயியல் அறிக்கையைச் சாதாரணத் துண்டென்று நினைக்க வேண்டாம். வெள்ளம் வருகிற ஊர் நம்முடையது, பொலித்தீனில் சுற்றி மேலே வையுங்கள், போனில் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பி விடுங்கள். டக்டலா லொபியூலரா, ஈ.ஆர், பி.ஆர் என்ற ஹோர்மோன் ஏற்பிகளும் ஹேர்-2 என்ற புரதமும் என்னவென்று வீட்டில் ஒருவராவது வாய்ப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். எந்த டொக்டரிடம் போனாலும், பல்லுக்கோ கண்ணுக்கோ தோலுக்கோ போனாலும், முதல் வசனமாக மார்பு ஒபரேசனைச் சொல்லுங்கள். ஐந்து வருடம் தாண்டினால் தப்பிவிட்டோம் என்பது ஹோர்மோன் சார்ந்த கட்டிகளுக்குப் பொருந்தாது, 20 வருடத்துக்குப் பிறகும் திரும்பி வந்ததுண்டு. பரவிய இடத்திலிருந்தும் துண்டெடுத்து ஈ.ஆர், ஹேர்-2 மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், முதலில் இருந்தது மாறியிருக்கலாம், மாறினால் மருந்தும் மாறும். பெட் ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் எல்லாம் முடிந்ததென்று விட வேண்டாம், லொபியூலர் அதில் சிலவேளை தெளிவாகத் தெரியாது. ஹோர்மோன் குளிசையால் மூட்டு நோகிறது என்று சில பெண்கள் சொல்லாமலே நிறுத்தி விடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், டொக்டரிடம் சொல்லுங்கள், வேறு குளிசை மாற்றித் தருவார். நாட்டு மருந்து எடுப்பதென்றால் அதையும் மறைக்க வேண்டாம். கிளினிக்குக்கு எப்போதும் ஒரு துணை ஆள் போக வேண்டும். நோயாளிக்குப் பயத்தில் பாதி காதில் ஏறாது.

ஏறாவூர்

என் சாச்சிக்கும் ஒபரேசனுக்குப் பிறகுதான் வயிற்றுக்குப் போனது. கத்தி பட்டதால்தான் பரவியது என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அதை நம்புகிறேன்.

தம்பிலுவில்

என் மச்சாளுக்குக் கத்தியே படவில்லை. மார்பில் ஊசிகூடக் குத்துவதற்கு முதலே கண்ணுக்குப் போயிருந்தது.

ஆய்வுகூடக்காரன்

ஏறாவூர் நண்பருக்கு: கட்டி வெளிப்படுவதற்கு முன்பே கலங்கள் ரத்தத்தோடு போய் எங்கோ பதுங்கிப் பல வருடம் சும்மா இருக்கலாம். ஒபரேசன் முன்னும் அந்தப் பரவல் பின்னும் தெரிவதால் அதுதான் காரணம்போலத் தோன்றுகிறது. சாச்சியைப் பற்றி நீங்கள் படும் கவலை விளங்குகிறது. ஆனால் இந்தப் பேச்சைக் கேட்டுக் கட்டியோடு வீட்டில் இருந்து, மார்பு வெடித்த பிறகு வருகிற பெண்களின் துண்டுகளும் எங்கள் மேசைக்கு வருகின்றன.

கல்லடி மகள்

ஆசிரியர் ஐயா, இவ்வளவும் எழுதினீர்கள், அக்கா இப்போது எப்படி?

காரைதீவு ஆசிரியர்

போன ஆடியில் மோசம் போனா மகள்.

அக்கரைப்பற்று மகன்

ஆழ்ந்த அனுதாபங்கள் சேர். உம்மா ரேடியேசன் எடுத்தா. நோவு குறைந்திருக்கிறது, மரத்தது இன்னும் மாறவில்லை. சாப்பிடும்போது இடப் பக்கமாக மென்று பழகிவிட்டா.

ஒரு கேள்வி. பழைய ரிப்போர்ட் தொலைந்து போனவர்கள் என்ன செய்வது? சுனாமியில் வீட்டோடு போன ஆட்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர்.

ஆய்வுகூடக்காரன்

ஒபரேசன் செய்த வைத்தியசாலையின் நோயியல் பிரிவில் கேளுங்கள். எடுத்த கட்டியின் துண்டை மெழுகுக் கட்டைக்குள் பதித்து வைப்பார்கள். வருடக்கணக்கில் கெடாது, அதிலிருந்து புதிதாகச் சீவிச் சாயம் போட்டுப் பார்க்கலாம். எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், அதனால் தாமதிக்க வேண்டாம். பெயர், ஒபரேசன் நடந்த வருடம், வார்டு, கிளினிக் கொப்பி இருந்தால் அதன் இலக்கம், இவற்றோடு இப்போது பார்க்கிற டொக்டரின் கடிதமும் கொண்டு போங்கள். கட்டையே கிடைக்காவிட்டாலும் புதிதாக எடுத்த துண்டிலேயே ஈ.ஆரும் கேட்டா-3யும் பார்க்க முடியும். அதற்கு மார்பில் ஒபரேசன் நடந்தது என்ற ஒரு வரி விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். கடிதம் எழுதும்போது டொக்டரிடம் கேட்டு அதைப் போடச் சொல்லுங்கள்.