சஸ்பென்ஸ்: ‘அந்தரம்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்

அன்பார்ந்த நண்பர்களுக்கு வணக்கம்.

சஸ்பென்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இணையாக இதுவரை முன்வைக்கப்பட்ட மர்மம், திகில், எதிர்பார்ப்பு ஆகிய மூன்றையும், 1958 ஆம் ஆண்டில் வெளிவந்த அல்பிரட் ஹிச்கொக்கின் ‘வேர்ட்டிகோ’ திரைப்படத்தோடு ஒட்டிப் பார்த்தேன். மூன்றும் பொருந்தவில்லை.

மர்மம் என்றால் பார்ப்பவருக்கு ஏதோவொன்று தெரியாதிருக்க வேண்டும். இப்படத்திலோ, மூன்றில் இரண்டு பங்கு கடந்த அளவில், ஒரு பெண் விழுந்து இறந்த மணிக்கோபுரத்தில் உண்மையில் நடந்தது, யூடி என்ற பெண்ணின் நினைவாக நமக்குக் காட்டப்படுகிறது. அதை ஒப்புக்கொண்டு அவள் ஒரு கடிதம் எழுதுகிறாள். பிறகு அவள் அதைக் கிழித்துவிடுகிறாள். மூலமான பிரெஞ்சு நாவல் இறுதிவரை ஒளித்து வைத்த உண்மை அது. மர்மம் அந்த இடத்தில் தீர்ந்துவிடுகிறது. ஆனால் இது கதாநாயகனான முன்னாள் துப்பறிவாளன் ஸ்கொட்டிக்குத் தெரியவரும்போது என்ன செய்வான், இறந்துவிட்டதாக அவன் நம்பும் பெண்ணின் உடையையும் கூந்தல் நிறத்தையும் ஒவ்வொன்றாக அவன் சுமத்தச் சுமத்த இவள் எதுவரை தாங்குவாள் என்று நம் நெஞ்சு பதைப்பது அதன் பின்னர்தான் தொடங்குகிறது. முடிவு தெரிந்த பின்னும் இப்படம் என்னை விடாமல் பிடித்திருப்பதற்கு இதுவே காரணம்.

திகில் என்ற சொல் திடீர் அதிர்ச்சியையே நினைவூட்டுகிறது. அதிர்ச்சிக்கும் சஸ்பென்ஸுக்கும் உள்ள வேறுபாட்டை ஹிச்கொக்கே பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடனான உரையாடலில் விளக்கியிருக்கிறார்: மேசையின் கீழ் குண்டு இருப்பதை அறியாத பார்வையாளருக்கு அது வெடிக்கும்போது கிடைப்பது 15 வினாடி அதிர்ச்சி; முன்பே அறிந்திருந்தால் 15 நிமிடத் தவிப்பு. எதிர்பார்ப்பு என்ற சொல்லோ திருவிழாவுக்கும் பொருந்தும், அதில் வலியில்லை.

யாழ்ப்பாணத்தில், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவரும் வைத்தியசாலை வாசலில் நிற்பவரும் “ஒரே அந்தரமாக் கிடக்கு” என்பார்கள். இருக்கவும் முடியாமல், எழுந்து போகவும் முடியாமல் மனம் படும் பாடு அது. தமிழக நண்பர்கள் இச்சொல்லை நடுவெளி என்ற பொருளில் அறிவார்கள். ஆங்கிலச் சொல்லின் வேரும் தொங்குதலையே குறிப்பதால் அதுவும் நமக்குத் துணையாகிறது. படத்தின் தொடக்கத்தில் ஸ்கொட்டி கூரையோரத்து மழைநீர் வடிகாலைப் பற்றிக்கொண்டு தொங்குகிறான். அவன் எப்படி இறங்கினான் என்று படம் காட்டுவதேயில்லை. கடைசிவரை அவன் அந்தரத்திலேயே நிற்பதாகத்தான் நான் உணர்கிறேன்.

இச்சொல் வடமொழி வழிவந்தது என்ற மறுப்பு எழலாம். மர்மமும் அவ்வழி வந்ததே. “அந்தரம் ஆபத்துக்கு” என்று எங்களிடம் அவசரப் பொருளிலும் இது வழங்குகிறது என்பது அதைவிட வலுவான மறுப்பு. எனினும் திரைப்படம் பற்றிய கட்டுரையில் அப்பொருள் குறுக்கிடாது என்று நம்புகிறேன்.

பார்வையாளர் அந்தரப்படுகிறார், இயக்குநர் அந்தரப்படுத்துகிறார் என்று வினையாகவும் இது இயல்பாக விரிகிறது. இவ்வகைப் படத்தை ‘உளவியல் அந்தரப் படம்’ எனலாம். ‘உளவந்தரம்’ என்று புணர்த்திச் சுருக்குவது செவிக்கு இடறுவதால் அதனை நான் பரிந்துரைக்கவில்லை.