1950 சேலம் சிறைத் துப்பாக்கிச் சூடு: ஆவணங்களை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

அஸ்தம்பட்டிவாசி:

அனைவருக்கும் வணக்கம். பள்ளிக்குப் போகும் வழியில் சேலம் மத்திய சிறையின் மதிலைத் தினமும் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த மதிலுக்குள் 1950 பிப்ரவரி 11 அன்று 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்பதை நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அறிந்தேன். ஆண்டுதோறும் அந்த நாளில் செங்கொடியோடு அஞ்சலி செலுத்த வருவோரைப் பார்த்திருந்தும், ஏதோ கட்சி நிகழ்ச்சி என்று எண்ணி விலகிப் போயிருக்கிறேன். அதை நினைக்கும்போது இப்போது மனம் உறுத்துகிறது. இந்தச் சம்பவத்தைப் பற்றி விரிவாக ஒரு கட்டுரை எழுத விரும்புகிறேன். சேலத்தில் நான் விசாரித்த பெரியவர்கள் பலருக்கும் எண்ணிக்கையும் தேதியும் தெரிகின்றனவே தவிர, இறந்தவர்களின் பெயர்கள் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்கலாம் என்று விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழைய கோப்பு:

ஐயா, நல்ல காரியத்தில் இறங்கியிருக்கிறீர்கள். அப்போது சேலம் மட்டுமல்லாமல் மலபாரும் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் மலபாரின் விவசாயப் போராட்டங்களில் சிறைப்பட்டவர்கள். 1956 நவம்பர் 1 அன்று கேரளம் தனி மாநிலமானபோது குடும்பங்கள் ஒரு மாநிலத்திலும், சம்பவம் நடந்த இடமும் அரசுக் கோப்புகளும் வேறொரு மாநிலத்திலுமாகப் பிரிந்து போயின. இந்த வரலாறு நம் பக்கம் மங்கிப் போனதற்கு மூடி மறைத்தலைக் காட்டிலும் இந்தப் பிரிவினையே பெரிய காரணம் என்பது என் கருத்து.

சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்துறை அரசாணைகளை 1950ஆம் ஆண்டுக்குரிய அட்டவணையிலிருந்து தேடுங்கள். ‘சேலம்’ என்ற தலைப்பில் மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்பிவிடாதீர்கள். சிறைகள், கைதிகள், தடுப்புக் காவல், பொது ஒழுங்கு ஆகிய தலைப்புகளின் கீழும் பதிவுகள் இருக்கக்கூடும். அன்றைய சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் அச்சு வடிவில் உள்ளன. பி. எஸ். குமாரசாமி ராஜா முதல்வராக இருந்த காலம் அது. அரசு தன் செயலை எந்தச் சொற்களால் நியாயப்படுத்தியது என்பதை அரசின் வாய்மொழியாகவே அங்கு படிக்கலாம்.

கண்ணூர்ப் பேத்தி:

என் தாய்வழிப் பாட்டனார் கண்ணூர்ப் பக்கத்திலிருந்து ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். அதனால் இரு மொழிகளும் எனக்கு வரும். பெயர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. மலபாரில் வீட்டுப் பெயரை முன்னால் வைப்பார்கள். 1946 டிசம்பரில் நடந்த காவும்பாயி விவசாயிகள் போராட்டத்தோடு தொடர்புடைய தளியன் ராமன் நம்பியாரும் ஓ. பி. அனந்தனும் சேலம் சிறையில் உயிரிழந்தவர்கள். ‘தளியன்’ என்பது வீட்டுப் பெயர். ஆங்கிலப் பட்டியலில் அது ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிடலாம். தமிழ்ப் பட்டியலை எழுதுபவர் அந்த எழுத்தைத் தந்தையின் முதலெழுத்து என்று எண்ணிக்கொள்ளலாம். இப்படி ஒரே மனிதர் மூன்று பட்டியல்களில் மூன்று பேராகத் தெரிவார். எனவே, மலையாளப் பட்டியலை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதனோடு ஒப்பிடுங்கள். காவும்பாயியில் இவர்கள் வெறும் எண்ணிக்கை அல்லர்; ஊரே பெயர் சொல்லி நினைவுகூரும் மனிதர்கள்.

வழக்குரைஞர் ஒருவர்:

காலவரிசையைக் கவனியுங்கள். 1950 ஜனவரி 26 அன்று அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது; அதற்குப் பதினாறே நாட்களில் சேலத்தில் இது நடந்தது. பதினெட்டு நாட்கள் கழித்து, மார்ச் 1 அன்று, பம்பாயிலிருந்து வெளிவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வார இதழ் மாகாணத்துக்குள் நுழைவதைச் சென்னை அரசு தடை செய்தது. அதை எதிர்த்து அவ்விதழின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில், 1950 மே 26 அன்று உச்ச நீதிமன்றம் அத்தடையைச் செல்லாது என்று அறிவித்தது. மாகாணச் சட்டம் கூறிய ‘பொதுப் பாதுகாப்பு’ என்பது, பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அன்றைய அரசமைப்பு அனுமதித்த காரணங்களைவிட விரிவானது என்பதே தீர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டு கொண்டுவரப்பட்ட முதல் திருத்தம், ‘பொது ஒழுங்கு’ என்ற காரணத்தை அந்தப் பட்டியலில் சேர்த்தது. நம் ஊர்ச் சிறையில் நடந்ததை அந்த மாதங்களிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்து எழுதினால் கட்டுரை குறையுடையதாகிவிடும்.

இன்னொன்று: ‘கலவரம்’, ‘படுகொலை’ என்ற சொற்களில் எதையும் தொடக்கத்திலேயே கையாள வேண்டாம். அரசுத் தரப்பு, கைதிகள் தரப்பு இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாலே எந்த இடத்தில் முரண்படுகின்றன என்பது தெரிந்துவிடும்.

கண்ணூர்ப் பேத்தி:

வழக்குரைஞர் ஐயாவின் கருத்தோடு முழுமையாக உடன்பட முடியவில்லை. சுட்டவர்களிடம் துப்பாக்கியும் பேனாவும் இருந்தன. இறந்தவர்களின் தரப்பைக் கோப்பில் எழுதி வைத்தவர் யார்? இரு தரப்புக்கும் சம இடம் கொடுத்தால் மட்டும் நியாயம் கிடைத்துவிடாது. பிழைத்தவர்கள் வீட்டில் சொல்லிவிட்டுப் போனவற்றையும் சாட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

அஸ்தம்பட்டிவாசி:

உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. முதலில் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்துவிட்டு, அதன் பிறகு எழும்பூருக்குச் செல்லலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். சகோதரிக்கு ஒரு விண்ணப்பம்: என்னால் மலையாளம் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க முடியும். 22 பெயர்களையும் வீட்டுப் பெயர், ஊர் ஆகியவற்றோடு தமிழில் எழுதித் தர உதவுவீர்களா?